வீட்டுச் சாமிக்கு அளவான உடுப்பு: அளவெடுப்பதிலிருந்து மடித்து வைப்பது வரை

பூசைச் சாமான் கடையில் தொங்கும் சாமி உடுப்பு பார்க்க வடிவாகத்தான் இருக்கும். பச்சை வெல்வெட், விளிம்பு முழுக்கச் சரிகை, நடுவில் இரண்டு கல். வீட்டுக்குக் கொண்டுவந்து சாத்திப் பார்த்தால் பிள்ளையாரின் வயிற்றைச் சுற்றி வராது. அம்மனுக்குக் கழுத்து வரை ஏறி நிற்கும். முருகனுக்கு வேல் பிடித்த கை காணாமற் போய்விடும். கடைக்காரரைக் குறை சொல்லி வேலையில்லை. அளவு தெரியாமல் போய்க் கேட்டால் அவர் கையில் கிடைத்ததைத்தான் எடுத்துத் தருவார்.

வீட்டுச் சாமியறையில் இருக்கும் சின்ன மூர்த்தங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 3 அங்குலத்திலிருந்து ஒன்றரைச் சாண் உயரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சாணுக்கு மேல் வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். ஆனாலும் நம் பக்கத்து வீடுகளில் கொஞ்சம் பெரியதும் இருக்கத்தான் செய்கிறது. கோயில் மூர்த்திகளின் சாத்துப்படி வேறு கலை, அது குருக்கள்மாரின் வேலை.

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். தைத்த உடுப்பை விடக் கட்டும் துணிதான் வீட்டுக்குத் தோதானது. கட்டும் துணி வயிற்றுக்கும் வளைவுக்கும் தானே இணங்கிப் போகும், கழற்றுவது சுகம், துவைப்பதும் சுகம். தைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் முதுகுப் பக்கம் முழுக்கத் திறந்ததாகத் தையுங்கள். தலை வழியாக மாட்டும் உடுப்பை எந்தச் சாமிக்கும் வாங்க வேண்டாம். கிரீடம், நான்கு கை, பின்னால் வளைவாக நிற்கும் திருவாசி எல்லாம் தாண்டி அது இறங்கவே இறங்காது.

முதலில் மூர்த்தத்தை வடிவாகப் பாருங்கள்

தினமும் கும்பிடுகிற சாமிதான், ஆனால் உடுப்புக்கென்று பார்க்கும் பார்வை வேறு. அபிஷேகம் முடிந்து துடைத்த கையோடு பார்ப்பது நல்லது. நிற்கிறதா, உட்கார்ந்து இருக்கிறதா, ஒரு கால் தொங்குகிறதா? எத்தனை கை, அவற்றில் எது உடம்போடு ஒட்டி இருக்கிறது? திருவாசி தனியாகக் கழருமா, பீடத்தோடு வார்த்ததா? முதுகு முழுதாக வடித்திருக்கிறதா, அல்லது பின்பக்கம் தட்டையா?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தட்டை முதுகுச் சிலைக்கு இடுப்பைச் சுற்றிக் கட்ட இடமே இருக்காது. முன்பக்கம் மட்டும் துணி வைத்து, இரண்டு ஓரத்திலும் நாடா தைத்துப் பின்னால் முடிய வேண்டும்.

அடுத்தது, கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி. பித்தளை, ஐம்பொன் வார்ப்புகளில் இது மிகவும் ஒடுங்கியிருக்கும். மெல்லிய துணியில் ஒரு சிறு வெட்டுத்துண்டை இரண்டாக மடித்து, நுனியில் நூல் கட்டி, அந்த இடைவெளிக்குள்ளால் இழுத்துப் பாருங்கள். போனால் மேற்துணி சாத்தலாம். போகாவிட்டால் வெல்வெட்டையும் உள்துணி வைத்துத் தைத்த பட்டையும் அப்போதே மறந்துவிட்டு, இடுப்புத் துணியும் தோளில் ஒரு சின்னச் சால்வையும் என்று முடிவு பண்ணிவிடலாம்.

அளவெடுக்கும் விதம்

தையற்காரரின் அளவு நாடா சின்ன மூர்த்தத்துக்கு உதவாது. விறைத்து நிற்கும், கால் அங்குலம் பிசகும். சாதாரண வெள்ளை நூலை எடுத்து, அளவெடுக்கும் இடத்தில் சுற்றி, சேரும் இடத்தில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு நூலை அடிமட்டத்தில் நீட்டிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மூர்த்தத்தை வெறும் தரையில் வைக்காமல் ஒரு பலகையில் துணி விரித்து வைத்தால் பீடமும் கீறாது, மனசுக்கும் சரி.

நிற்கிற மூர்த்தத்துக்கு இடுப்புச் சுற்று, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, கைக்குக் கீழே மார்புச் சுற்று, தோளிலிருந்து இடுப்பு வரை. இவ்வளவு போதும். இருக்கிற மூர்த்தத்துக்கு இன்னும் இரண்டு வேண்டும். ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரையான அகலம் ஒன்று. மற்றது இடுப்பிலிருந்து முழங்காலின் மேலால் வளைந்து பீடம் வரையான நீளம். இதை நேர்கோட்டில் எடுத்தால் துணி கட்டையாகிவிடும். நூல் தொடையின் மேல் படிந்து, முழங்காலில் வளைந்து, பிறகு கீழே இறங்க வேண்டும்.

முழு உயரத்தை இரண்டு விதமாக எழுதி வையுங்கள்: பீடத்தோடு ஒன்று, பீடம் விட்டு ஒன்று. இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இது கட்டாயம். '6 அங்குலம்' என்று போட்டிருந்தால் சிலர் சாமியின் உயரத்தைச் சொல்கிறார்கள், சிலர் பாவாடையின் நீளத்தைச் சொல்கிறார்கள். கேட்காமல் காசு அனுப்ப வேண்டாம்.

துணி எவ்வளவு, எப்படி வெட்டுவது

ஒரு கணக்கைச் செய்து பார்த்தால் விளங்கிவிடும். நின்ற கோலத்தில் ஒரு சாண் உயர அம்மன். இடுப்புச் சுற்று 5 அங்குலம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 5 அங்குலம்.

கொய்யகம், அதாவது கொசுவ மடிப்பு, வைத்த பாவாடை என்றால் இடுப்பைப் போல மூன்று மடங்கு அகலம், அதாவது 15 அங்குலம். நீளத்துக்கு 5 அங்குலத்தோடு மேலே மடிக்க ஒன்று, கீழே மடிக்க அரை, ஆக 6½. கரை உள்ள துணியில் அந்தக் கரையையே கீழ் விளிம்பாக வைத்தால் கீழ் மடிப்பு வேண்டாம். கொய்யகத்தைக் கால் அங்குலத்துக்கு மேல் பெரிதாக்காதீர்கள். மடித்து, மேல் விளிம்பை ஒரு நாடாவில் பிடித்துத் தைத்து, நாடாவின் இரண்டு நுனியையும் பின்னால் முடிய விடுங்கள்.

6 அங்குலத்துக்குக் குறைந்த மூர்த்தம் என்றால் கொய்யகம் இடுப்பில் மொத்தமாகத் திரண்டு, சாமிக்குத் துணி மூட்டை கட்டியது போல ஆகிவிடும். அதற்கு வட்ட வெட்டு நல்லது. உள்வட்டத்தின் ஆரம் இடுப்புச் சுற்றை 6.28 ஆல் வகுத்தால் வரும். 5 அங்குல இடுப்புக்கு ஏறக்குறைய 0.8 அங்குலம். அதோடு பாவாடை நீளத்தைக் கூட்டினால் வெளிவட்டத்தின் ஆரம். மேலே சொன்ன அம்மனுக்கே வட்டமாக வெட்டினாலும் 12 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று போதும். வெட்டிய வட்டத்தின் ஓரத்திலிருந்து நடு வரை ஒரு கீறல் வெட்டினால் அதுதான் முதுகுத் திறப்பு. இதில் ஒரு குறை: சேலையின் நேர்க்கரை வட்டத்தோடு வளைந்து வராது. சரிகை லேஸ் தனியாக வாங்கித்தான் சுற்ற வேண்டும்.

எந்த வெட்டானாலும் முதலில் வெள்ளைத் தாளில் வெட்டிச் சாத்திப் பாருங்கள். பழைய பத்திரிகைத் தாளை நான் பாவிப்பதில்லை. மை ஒட்டும், அதோடு ஆள் படங்களும் மரண அறிவித்தல்களும் சாமியின் மேல் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை.

கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் தைத்த சாமி உடுப்புகள் கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் இதுதான். கூறைச் சேலையில் மிஞ்சிய துண்டு என்று ஆசையாக எடுப்போம். அதன் கரை மட்டும் 4 அங்குலம் இருக்கும். 5 அங்குலப் பாவாடையில் 4 அங்குலம் கரையானால் உடல் நிறம் எங்கே தெரியும்? தூரத்திலிருந்து பார்த்தால் சாமி ஒரு சரிகைப் பட்டைக்குள் நிற்பதுபோல இருக்கும். பாவாடை நீளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கரை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5 அங்குலத்துக்கு முக்கால் அங்குலக் கரை எடுப்பாக நிற்கும். ஒடுங்கிய கரை வேண்டுமென்றால் ஆண்களின் வேட்டி, சால்வைக் கரைகளைப் பாருங்கள். வெள்ளை வேட்டியின் அரை அங்குலச் சரிகைக் கரை முருகனுக்கும் பிள்ளையாருக்கும் அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தும். பூக்களும் அப்படித்தான். உள்ளங்கை அளவு மாங்காய் வேலைப்பாடு சின்ன மூர்த்தத்தில் பாதிதான் தெரியும். வெறும் துணி, அல்லது மிளகு அளவுப் புட்டா, அவ்வளவே போதும்.

கோலத்துக்குக் கோலம்

இருக்கும் பிள்ளையாருக்கு வேட்டி வயிற்றுக்குக் கீழேதான் வர வேண்டும். வயிற்றின் மேலால் கட்டினால் நழுவி விழும். நழுவாமல் இறுக்கினால் வயிறே மறைந்துவிடும், பிறகு அது பிள்ளையார் மாதிரியே இருக்காது. முன்னால் நடுவில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் தொங்கினால் போதும். இரு பக்கமும் முழங்காலை மூடிப் பீடம் வரை இறங்கட்டும். அதற்காகத் துணியின் கீழ் விளிம்பை நடுவில் கொஞ்சம் உள்வளைவாக வெட்டுங்கள், மடக்கிய பாதம் வெளியே தெரியும். மேலுக்குச் சட்டை வேண்டாம். தும்பிக்கை ஒரு பக்கம் வளைந்து மோதகத்தைத் தொடுகிற இடத்தில் எந்தத் துணியும் குறுக்கே வரக் கூடாது. ஒரு விரல் அகலச் சால்வையைத் தோளில் போட்டு, நுனிகளைப் பின்கைகளுக்குப் பின்னால் விட்டால் முடிந்தது.

நிற்கும் முருகனுக்கு இரண்டு கால்களுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பஞ்சகச்சம் உண்மையாகவே கட்டலாம். இல்லாவிட்டால் நடுவில் விசிறிக் கொய்யகம் வைத்த வேட்டி. வேல் கழரும் என்றால் உடுத்திய பிறகு வையுங்கள். மயிலோடு வார்த்தது என்றால் மயிலின் கழுத்துப் பக்கம் துணி பொங்காமல் பின்னுக்கு இழுத்து முடியுங்கள். வள்ளி, தெய்வானைக்கு ஆளுக்கொரு நிறம் கொடுக்கிறவர்கள் மூன்று உடுப்புக்கும் ஒரே கரையைப் பிடித்தால் பார்வைக்குச் சேர்ந்து வரும்.

மண்டூர், திருக்கோயில், சித்தாண்டி, உகந்தை என்று முருகன் கோயில்கள் நிறைந்த இலங்கையின் கிழக்குக் கரை எங்கள் ஊர். அதனால் விக்கிரகம் இல்லாமல் வேலாயுதத்தை மட்டும் வைத்துக் கும்பிடும் வீடுகளும் உண்டு. வேலுக்கு உடுப்பு என்பது ஒரு சின்னத் துண்டுதான். இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கழுத்தில், கொய்யகம் பிடித்த சிவப்பு அல்லது வெள்ளைத் துண்டை நூலால் கட்டிக் கீழே விரிய விடுங்கள். நீளம் தண்டில் பாதிக்கு மேல் போக வேண்டாம். இலைக்கு மேல் துணி ஏறவே கூடாது, அங்கே சந்தனமும் குங்குமமும் இட வேண்டும்.

அம்மனுக்குப் பாவாடையும் இடது தோளால் வரும் ஒரு மேற்துணியும். மேற்துணி ஒன்றரை அங்குல அகலப் பட்டை என்றால் நான்கு கைக்கும் இடைஞ்சல் இல்லை. கை வைத்த சட்டை தைக்க மினக்கெட வேண்டாம். ஒரு காலைத் தொங்கவிட்டு இருக்கும் அம்மனுக்கு அந்தத் தொங்கும் பாதம் கட்டாயம் வெளியே தெரிய வேண்டும், கும்பிடுகிறவர் பூப்போடுவது அதில்தான்.

தவழும் கிருஷ்ணருக்கு இந்தியாவிலிருந்து வரும் வட்ட உடுப்புகளில் 0, 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். ஒரு கடையின் 3 இன்னொரு கடையின் 4 ஆக இருக்கும். எண்ணை நம்பாமல் கழுத்துச் சுற்றையும், கழுத்திலிருந்து முதுகு வழியாகப் பின்பக்கம் வரையான நீளத்தையும் எடுத்துக்கொண்டு, உடுப்பின் விட்டத்தைக் கேளுங்கள். வெண்ணெய் பிடித்த கை துணிக்கு மேலே வர வேண்டும். நடராசருக்கு உடுப்பே தைக்காதீர்கள். தூக்கிய கால், நீட்டிய கை, சுற்றிலும் திருவாசி, எங்கே துணி வைத்தாலும் ஏதாவது ஒன்று மறையும். இடுப்பில் இரண்டு விரல் அகலப் பட்டுத் துண்டு போதும்.

இனி கும்பம். நவராத்திரிக்கும் வரலட்சுமி விரதத்துக்கும் அம்மன் முகம் வைத்த கும்பத்துக்குச் சேலை கட்டுகிறவர்கள் முழுச் சேலையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சின்னச் செம்புக்கு ஒரு மீற்றர் துணியே தாராளம். முழுச் சேலைதான் வேண்டும் என்றால், சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம் இருக்கும். கும்பம் வைக்கும் பலகையிலிருந்து செம்பின் கழுத்து வரையான உயரத்துக்கு வருமாறு அதை நீளவாட்டில் மடியுங்கள், கரை வெளியே இருக்கட்டும். முந்தானைக்கு ஒரு முழம் விட்டு மீதியை 3 அங்குலக் கொய்யகமாக எடுத்து, மேல் நுனியை நூலால் இறுக்கிக் கழுத்தில் கட்டுங்கள். கீழே விசிறியாக விரித்த பிறகு முந்தானையைத் தோள்பக்கமாக எடுத்துப் பின்னால் செருகலாம். மாவிலையும் தேங்காயும் முகமும் அதற்குப் பிறகுதான்.

எந்தத் துணி

தினப் பாவனைக்கு நூல் துணியை மிஞ்ச ஒன்றுமில்லை. மருதமுனைக் கைத்தறித் துணி கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கிறது. ஒரே நிறத்தில், ஒடுங்கிய கரையோடு பார்த்து எடுத்தால் ஒரு சேலையில் வீட்டுச் சாமிகள் எல்லாருக்கும் பல மாற்று வரும். கட்டம் போட்டதைத் தவிருங்கள், சின்ன மூர்த்தத்தில் கட்டம் கோணலாகத்தான் விழும். புது நூல் துணியில் கஞ்சி இருக்கும், சுருங்கவும் செய்யும். வெட்டுவதற்கு முதல் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காய வைத்து எடுங்கள்.

பட்டு விசேஷங்களுக்கு. மெல்லிய பட்டாக, உள்துணி இல்லாததாக எடுங்கள். பொலியெஸ்டர், நெட், சற்றின் எல்லாம் மலிவு, பளபளப்பும் உண்டு. ஆனால் நெருப்புப் பட்டால் உருகிச் சாமியிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட உடுப்பு சாத்திய நாளில் விளக்கைக் குறைந்தது ஒன்றரை முழம் தள்ளி வையுங்கள். நூல் துணி என்றாலும் திரிக்குப் பக்கத்தில் விளிம்பு தொங்க விடக் கூடாது. கல் வைத்துத் தைத்த பாரமான உடுப்பு உள்ளீடற்ற சின்னப் பித்தளைச் சிலைகளை முன்னுக்குச் சரிக்கும்.

நிறத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். சரஸ்வதிக்கு வெள்ளை, இலக்குமிக்கும் துர்க்கைக்கும் சிவப்பு, கண்ணனுக்கு மஞ்சள், முருகனுக்குச் சிவப்பும் பச்சையும் என்பது எல்லாரும் அறிந்த வழமை. கறுப்பை வீட்டில் தவிர்ப்பார்கள். மற்றபடி குடும்ப வழக்கம் என்னவோ அதுதான்.

சாத்துவதும் கழற்றுவதும்

மூர்த்தம் முழுதாகக் காய்ந்த பிறகே துணி சாத்துங்கள். பித்தளையில் ஈரம் நின்றால் களிம்பு பிடித்து வெள்ளைத் துணியில் பச்சைக் கறையாக இறங்கும், அது இலேசில் போகாது. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் இது எங்களுக்கு நிரந்தரத் தலையிடி. கைக்கு நடுவிலும் பீடத்தின் மூலையிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும், துணி நுனியை முறுக்கி அங்கே ஒற்றி எடுங்கள்.

குண்டூசி, சேப்டி பின் வேண்டாம். உப்புக் காற்றில் துருப்பிடித்துத் துணியையும் கெடுக்கும், சிலையையும் கீறும். இருபக்க ஒட்டுநாடா பசையை விட்டுவிட்டுப் போகும். நாடா முடிச்சு நல்லது, சின்னப் பிரஸ் பட்டனும் பரவாயில்லை. வெல்குரோ பட்டு நூலைக் கொளுவி இழுத்துவிடும்.

சாத்தி முடிந்ததும் கும்பிடும் இடத்தில் இருந்து பாருங்கள், நின்று பார்ப்பது வேறு, இருந்து பார்ப்பது வேறு. முகம், ஆயுதமோ அபயமோ காட்டும் கை, பாதம் மூன்றும் தெரிகிறதா? விளிம்பு பீடத்தைத் தாண்டித் தட்டில் கிடக்கிறதா? பின்முடிச்சை ஒரு கையால் அவிழ்க்க வருகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் மாற்றிக் கட்டுங்கள். 'இன்றைக்கு இப்படியே கிடக்கட்டும்' என்று விட்டால் அது அடுத்த வெள்ளி வரை அப்படியேதான் கிடக்கும்.

கழற்றியதை வீட்டு உடுப்புகளோடு சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் துவைத்து, ஆள் கடக்காத கொடியில் காயப் போடுங்கள். எண்ணெயும் சந்தனமும் பட்ட இடத்தில் முதலில் கடலை மாவைப் பூசி ஊற விட்டால் சவர்க்காரம் குறைவாகவே தேவைப்படும். சரிகை வைத்த பட்டுத் துணியை நனைக்காமல் நிழலில் காற்றாட விட்டு எடுங்கள். மாரி மழைக் காலத்தில் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடிக்கும், பொலித்தீன் பைக்குள் என்றால் இன்னும் கெதியாய்ப் பிடிக்கும். வெள்ளை நூல் துணியில் சுற்றி, ஒரு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றினால் சரிகை ஒரே கோட்டில் முறியாது. கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்கள்தான் எல்லாவற்றையும் வெளியே எடுத்து உலர விட நல்ல நேரம்.

நைந்துபோன நூல் துணியையும் பட்டையும் வளவில் கால் படாத இடத்தில், ஒரு மரத்தடியில் புதைத்துவிடலாம், மக்கிப் போகும். பொலியெஸ்டர் மக்காது. அதை வாவியில் விடுவது புண்ணியம் என்று நினைத்தால் தூண்டில்காரரிடமும் வலைகாரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

கோயிலுக்குச் சேலை நேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வைகாசிச் சடங்கில் காரைதீவிலோ தம்பிலுவிலிலோ கண்ணகை அம்மனுக்குக் கொடுப்பதென்றால், முதலில் பூசை செய்யும் கப்புகனாரிடமோ கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரிடமோ கேளுங்கள். எந்த நிறம், எந்த நாள், நூலா பட்டா என்பது கோயிலுக்குக் கோயில் வேறு. அளவெடுக்கிறேன் என்று நூலோடு போய் நிற்காதீர்கள். அங்கே முழுச் சேலைதான், ஐந்தரை மீற்றர். அந்தச் சேலையில் இருக்கும் பிளவுஸ் துண்டை வீட்டுச் சாமிக்கென்று வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம்.